உங்கள் டேட்டாபேஸ் எந்த வெர்ஷன்? மேனுவலைத் திறக்கும் முன் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு புத்தகத்தையோ இணையப் பக்கத்தையோ திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஒரு எழுத்துகூட மாறாமல் டைப் செய்திருப்பீர்கள். ஆனால் புத்தகத்தில் வந்த விடை உங்கள் திரையில் வராது. ஏதோ ஒரு எரர் மெசேஜ் வரும். “நமக்குத்தான் கம்ப்யூட்டர் வராது போலிருக்கிறது” என்று மனம் சோர்ந்து விடுவீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். தவறு உங்கள் மீது இல்லாமல் இருக்கலாம். புத்தகமும் சரியாக இருக்கலாம். உங்கள் சாஃப்ட்வேரும் சரியாக இருக்கலாம். அந்தப் புத்தகம் வேறொரு வெர்ஷனுக்காக எழுதப்பட்டது என்பதுதான் சிக்கலாக இருக்கும்.

எரர் மெசேஜ் வந்தால்கூட நல்லது. எதுவுமே வராமல், எல்லாம் சரியாக நடந்தது போலக் காட்டிவிட்டு உள்ளே கணக்குத் தவறிப் போனால் என்ன ஆகும்? அது எனக்கு நடந்தது. சாஃப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நான் செய்த தவறு என்பதால், சற்று வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

மாமாவின் சிற்பக் கூடம்

எனக்கு ஊர் செங்கல்பட்டு. அம்மாவின் தம்பி மாமல்லபுரத்தில் சிற்பக் கூடம் வைத்திருக்கிறார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் முப்பது கிலோ மீட்டர் அளவுதான். ஐந்து ரதம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சாலையின் இரண்டு பக்கமும் காலை முதல் மாலை வரை உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

மாமாவிடம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை தோறும் கூலி. இடையில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டு விசேஷம் என்று முன்பணம் வாங்குவார்கள். அதை வாரா வாரம் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கை அத்தைதான் நீள நோட்டில் எழுதி வந்தார்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, “தம்பி, இந்த நோட்டைக் கூட்டிக் கூட்டிக் கண்ணே போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடேன்” என்றார் அத்தை. கடையில் பில் போடுவதற்கு ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தது. அந்த பில்லிங் புரோகிராம் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை வைத்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். “என் லேப்டாப்பிலும் மைஎஸ்க்யூஎல்தான் இருக்கிறது. வீட்டிலேயே எழுதி, சரிபார்த்து, பென் டிரைவில் கொண்டு வந்து விடுகிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

மைஎஸ்க்யூஎல் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, எந்த மைஎஸ்க்யூஎல் என்று கேட்கவில்லை. எல்லா வினையும் அதில்தான் தொடங்கியது.

டேட்டாபேஸ் என்பது என்ன?

புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். டேட்டாபேஸ் என்பது தகவல்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் ஒரு பெட்டகம். அத்தையின் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, கூலி, பிடித்தம் என்று கட்டம் போட்டு எழுதுகிறார் அல்லவா? அந்தக் கட்டத்தைத்தான் டேபிள் என்கிறோம். பல டேபிள்கள் சேர்ந்தது டேட்டாபேஸ். அதில் எழுதவும், தேடவும், கூட்டவும் நாம் கொடுக்கும் கட்டளைகளின் மொழி எஸ்க்யூஎல்.

நோட்டில் இல்லாத ஒரு வசதி டேட்டாபேஸில் உண்டு. “இந்தக் கட்டத்தில் இப்படிப்பட்ட தொகைதான் வரலாம்” என்று காவல் போடலாம். இதற்கு செக் என்று பெயர். பிடித்தம் என்பது கூலியை விட அதிகமாக இருக்கக்கூடாது என்று நானும் ஒரு செக் போட்டேன். வீட்டில் வேண்டுமென்றே தவறான தொகையைக் கொடுத்துப் பார்த்தேன். டேட்டாபேஸ் ஏற்க மறுத்தது. மிகவும் திருப்தியாக இருந்தது.

கடைக்குப் போய் டேபிளை உருவாக்கினேன். எரர் எதுவும் வரவில்லை. ஆங்கிலத்தில் டெஸ்ட் என்று ஒரு பெயரும், நூறு ரூபாய் கூலியும் போட்டுப் பார்த்தேன். பதிவானது. “தப்பா டைப் பண்ணினா கம்ப்யூட்டரே தடுத்துடும். பயப்படாம போடுங்க அத்தை” என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்துவிட்டேன்.

பெயரெல்லாம் கேள்விக்குறி!

அன்று இரவே மாமாவிடமிருந்து போன். “மாப்ள, உங்க அத்தை சாயங்காலத்திலேர்ந்து உட்கார்ந்து எல்லார் பேரையும் அடிச்சிருக்கா. இப்போ திறந்து பார்த்தா பேரே இல்ல, வெறும் கேள்விக்குறியா நிக்குது!”

முருகேசன் என்ற பெயர் இருந்த இடத்தில் வரிசையாக ஒன்பது கேள்விக்குறிகள். ஏன் ஒன்பது? யூனிகோட் முறையில் ‘மு’ என்பது ம என்ற எழுத்தும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ‘ரு’ இரண்டு, ‘கே’ இரண்டு, ‘ச’ ஒன்று, ‘ன்’ இரண்டு. ஆக மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றையும் புரிந்துகொள்ள முடியாமல் டேட்டாபேஸ் ஒவ்வொரு கேள்விக்குறியாக மாற்றி எழுதியிருக்கிறது.

அடுத்த நாள் கடைக்குப் போய் முதல் வேலையாக வெர்ஷனைப் பார்த்தேன். என் லேப்டாப்பில் இருந்தது மைஎஸ்க்யூஎல் 8.0. கடையில் இருந்தது மைஎஸ்க்யூஎல் 5.5! 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான வெர்ஷன் அது. நான் திறந்து வைத்துக்கொண்டு எழுதியதோ 8.0-க்கான மேனுவல்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? டேபிளை உருவாக்கும்போது எந்த எழுத்துத் தொகுப்பில் சேமிக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், 8.0 வெர்ஷன் தானாகவே யூடிஎஃப்8எம்பி4 என்பதை எடுத்துக்கொள்ளும். இதில் தமிழ் உட்பட உலக மொழிகள் எல்லாம் அடங்கும். ஆனால் 5.5 வெர்ஷன் தானாக எடுத்துக்கொள்வது லத்தீன்1. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான தொகுப்பு அது. அதில் தமிழுக்கு இடமே இல்லை.

என் லேப்டாப்பில் எழுத்துத் தொகுப்பைச் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. ஆகவே நான் சொல்லவில்லை. கடையில் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 5.7 வெர்ஷனிலிருந்து மைஎஸ்க்யூஎல் தானாகவே கண்டிப்பு முறையில் இயங்கும். சேமிக்க முடியாத எழுத்தைக் கொடுத்தால் எரர் காட்டி நிறுத்திவிடும். கடையில் இருந்த 5.5-இல் அந்தக் கண்டிப்பு முறை இயங்கவில்லை. அதனால் உள்ளுக்குள் ஒரு எச்சரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கேள்விக்குறியைப் பதிந்துவிட்டது. எச்சரிக்கையை யாரும் கேட்டுப் பார்த்தால்தான் அது சொல்லும்.

இப்படிக் கேள்விக்குறியாக மாறிப் பதிவானதை மீட்க முடியாது. உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான், திரையில் மட்டும் தெரிவதில்லை. நல்ல வேளையாக அத்தையின் நோட்டு இருந்தது. டேபிளை அழித்துவிட்டு, எழுத்துத் தொகுப்பை வெளிப்படையாகக் குறிப்பிட்டு மீண்டும் உருவாக்கினேன். அத்தை எல்லாப் பெயர்களையும் இரண்டாம் முறை அடித்தார். தமிழ் அழகாகத் தெரிந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் இரண்டாவது தவறைச் செய்தேன். வெர்ஷன் வேறு என்று தெரிந்த பிறகும், ‘வேறு எதெல்லாம் மாறியிருக்கும்’ என்று பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சரி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை

அந்த வாரம் சனிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். அத்தை முதன்முறையாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கூலி கொடுக்கிறார். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். மாமாவிடம் முப்பது வருடமாக வேலை செய்பவர். அத்தை அவர் பெயரைத் தேடி எடுத்தார். ‘கொடுக்க வேண்டியது’ என்ற இடத்தில் கழித்தல் குறியுடன் 6000 என்று இருந்தது.

“அய்யா, உங்களுக்கு இந்த வாரம் எதுவும் வரலியே. நீங்கதான் ஆறாயிரம் தரணும்னு காட்டுது” என்றார் அத்தை தயக்கத்துடன்.

பெரியவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அவ்ளோ வாங்கின ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர்ல அப்படி இருந்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, உளிப் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

மாமாதான் எழுந்து போய் அவரை நிறுத்தினார். பழைய நோட்டைக் கொண்டு வரச் சொன்னார். அதில் அந்த வாரக் கூலி 9000, பிடித்தம் 1500 என்று அத்தையின் கையெழுத்திலேயே இருந்தது. டைப் செய்யும்போது ஒரு பூஜ்யம் கூடி 15000 ஆகிவிட்டது. ஒன்பதாயிரம் கூலியில் பதினைந்தாயிரம் பிடித்தம்! பெரியவருக்கு வர வேண்டியது 7500. மாமா கையோடு எண்ணிக் கொடுத்தார்.

அத்தை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தப்பா அடிச்சா தடுத்துடும்னு சொன்னியே தம்பி?”

தடுத்திருக்க வேண்டும். நான் போட்ட காவல் என்ன ஆயிற்று? அன்று இரவு, 5.5 வெர்ஷனுக்கான மேனுவலைத் தேடி எடுத்து டேபிள் உருவாக்கும் பகுதியைப் படித்தேன். பதில் ஒரே ஒரு வரியில் இருந்தது. செக் என்று நாம் எழுதுவதை அந்த வெர்ஷன் படித்துக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. அதாவது, வாசலில் காவல்காரர் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி வைத்துக்கொண்டது. காவல்காரரை நிறுத்தவில்லை. எரரும் சொல்லவில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் செக் உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியது 2019-ஆம் ஆண்டில் வெளியான 8.0.16 வெர்ஷனில்தான். கவனியுங்கள், 8.0 என்று மட்டும் சொன்னால்கூடப் போதாது. 8.0.15 வைத்திருப்பவருக்கும் இந்தக் காவல் கிடையாது. மூன்றாவது எண்ணும் முக்கியம்.

பெயர் கேள்விக்குறியானது அன்றே தெரிந்தது. செக் வேலை செய்யாதது தெரியவே இல்லை. மாமா அன்று வெளியூர் போயிருந்தால், அல்லது அத்தை நோட்டை எடைக்குப் போட்டிருந்தால், ஒரு மனிதர் ஒரு வாரம் உழைத்த கூலியை விட்டுவிட்டு ஆறாயிரம் கடனோடு வீட்டுக்குப் போயிருப்பார். அதுவும் கம்ப்யூட்டர் சொன்னது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்.

மாமா சொன்ன கணக்கு

நடந்ததை மாமாவிடம் விளக்கினேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடாதவர். ஆனால் உடனே புரிந்துகொண்டார். “பெருமாளுக்கு உத்தம தச தாலம், பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம். ரெண்டும் தாலக் கணக்குதான், ரெண்டும் சரியான கணக்குதான். ஆனா பெருமாள் அளவைப் பிள்ளையார் கல்லுல போட்டா என்ன ஆகும்? நீ கல்லைப் பார்க்காம அளவை எடுத்திருக்கே மாப்ள” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட எளிதாக ஒரு உதாரணம் உண்டு. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ஊர் ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்று இருக்கலாம். 1997-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டதற்குப் பிந்தைய பத்திரத்தில் அதே ஊர் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதிக்குப் பிறகு மறுபடியும் ‘செங்கல்பட்டு மாவட்டம்’. பெயர் ஒன்றுதான். ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர்ப் பகுதியும் அடக்கம், இன்றைய மாவட்டத்தில் இல்லை. மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆண்டு என்று பார்க்காமல் தேடினால் வழி தவறிவிடும். ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் செய்ததும் அதுதான்.

வெர்ஷனைக் கண்டுபிடிப்பது எப்படி?

இனி செய்முறைக்கு வருவோம். கீழே சொல்லும் கட்டளைகளைத் தமிழில் ஒலிப்புப்படி தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்ய வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்: டேட்டாபேஸுக்குள் நுழைந்ததும் செலக்ட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, வெர்ஷன் என்ற சொல்லையும் அதை ஒட்டியே திறந்து மூடும் அடைப்புக்குறிகளையும் போடுங்கள். கடைசியில் அரைப்புள்ளி வைத்து என்டர் தட்டுங்கள். 8.0.36 என்பது போல மூன்று எண்கள் வரும். அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மரியாடிபி: உங்களில் பலர் எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். அதன் கண்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் 2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அதற்குள் இருப்பது மரியாடிபி! மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதிலிருந்து கிளை பிரித்து 2009-இல் தொடங்கியது இது. மைஎஸ்க்யூஎல்லில் உள்ள ‘மை’ அவருடைய மூத்த மகளின் பெயர், மரியா இளைய மகளின் பெயர். அக்கா தங்கை போல முகஜாடை ஒன்றாக இருக்கும். ஆனால் ஆண்டு செல்லச் செல்ல இரண்டும் வெவ்வேறு வழியில் வளர்ந்துவிட்டன. மேலே சொன்ன அதே கட்டளையைக் கொடுத்தால், எண்ணுக்குப் பின்னால் மரியாடிபி என்ற பெயரும் சேர்ந்து வரும். அப்படி வந்தால் நீங்கள் மைஎஸ்க்யூஎல் மேனுவலை மூடிவிட்டு மரியாடிபியின் ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும். உதாரணமாக, செக் காவல் மரியாடிபியில் 10.2.1 வெர்ஷனிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்: இதிலும் அதே செலக்ட் வெர்ஷன் கட்டளை வேலை செய்யும். ஷோ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, சர்வர், கீழ்க்கோடு, வெர்ஷன் என்று சேர்த்துக் கொடுத்தாலும் எண் மட்டும் வரும்.

எஸ்க்யூலைட்: உங்கள் செல்போனில் உள்ள பல செயலிகள் தகவலைச் சேமிப்பது இந்தச் சிறிய டேட்டாபேஸில்தான். இதற்குச் செலக்ட் என்பதற்குப் பிறகு எஸ்க்யூலைட், கீழ்க்கோடு, வெர்ஷன் என்று சேர்த்து அடைப்புக்குறிகளுடன் கொடுக்க வேண்டும். டேபிளில் ஒரு கட்டத்தை மட்டும் நீக்கும் வசதி 2021-இல் வெளியான 3.35 வெர்ஷனில்தான் இதற்கு வந்தது. அதற்கு முந்தைய வெர்ஷனில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் எரர்தான் வரும்.

இரண்டு வெர்ஷன்கள் உண்டு, கவனம்!

புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. டேட்டாபேஸில் இரண்டு பகுதிகள் உண்டு. தகவலை வைத்துக் காப்பது சர்வர். நாம் உட்கார்ந்து கட்டளை டைப் செய்யும் கருப்புத் திரை கிளையன்ட். கமாண்ட் பிராம்ப்டில் மைஎஸ்க்யூஎல் என்று டைப் செய்து, இரண்டு சிறு கோடு போட்டு வெர்ஷன் என்று கேட்டால் கிடைப்பது கிளையன்டின் எண். சர்வரின் எண் வேறாக இருக்கலாம். மேனுவலைத் தேர்ந்தெடுக்க நமக்குத் தேவை சர்வரின் எண். அதனால்தான் டேட்டாபேஸுக்குள் நுழைந்த பிறகு கேட்கச் சொன்னேன்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் கிளையன்ட் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அதற்கும் சர்வருக்கும் வெர்ஷன் வேறாக இருந்தால், நுழையும்போதே இரண்டு எண்களையும் காட்டிவிடும். அந்த வரியைப் படிக்காமல் தாண்டி விடாதீர்கள்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

வெர்ஷன் எண்ணில் எந்தப் பகுதி முக்கியம் என்பது டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2017-இல் வெளியான 10-ஆம் வெர்ஷனிலிருந்து முதல் எண் மட்டுமே மேனுவலைத் தீர்மானிக்கும். 15.2, 15.6 இரண்டுக்கும் 15-க்கான மேனுவல்தான். புள்ளிக்குப் பின் வரும் எண் பிழை திருத்தத்தைக் குறிப்பது. அதற்கு முன் இப்படி இல்லை. 9.5, 9.6 இரண்டும் தனித்தனிப் பெரிய வெர்ஷன்கள். அவற்றுக்குத் தனித்தனி மேனுவல்.

மைஎஸ்க்யூஎல்லில் முதல் இரண்டு எண்களும் மேனுவலைத் தீர்மானிக்கும். 5.7-க்குப் பிறகு நேராக 8.0 வந்தது. 2024-இல் 8.4 வந்தது. 8.0 மேனுவலுக்குள்ளேயே “இந்த வசதி 8.0.16 முதல்” என்பது போன்ற குறிப்புகள் இருக்கும். அங்கே மூன்றாவது எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சரியான மேனுவலைப் பிடிப்பது எப்படி?

கூகுளில் தேடினால் முதலில் வரும் பக்கம் உங்கள் வெர்ஷனுக்கானது என்று நம்பாதீர்கள். பழைய பக்கமும் வரலாம், மிகப் புதிய பக்கமும் வரலாம். பக்கத்தைத் திறந்தவுடன் பாடத்தைப் படிக்காமல் முதலில் வெர்ஷன் எண்ணைத் தேடுங்கள்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆவணங்களில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் எல்லா வெர்ஷன் எண்களும் வரிசையாக இருக்கும். உங்கள் எண்ணை க்ளிக் செய்தால் அதே பாடம் உங்கள் வெர்ஷனுக்கு மாறிவிடும். முகவரியில் கரன்ட் என்ற ஆங்கிலச் சொல் இருந்தால், அது எப்போதும் மிகப் புதிய வெர்ஷனைக் காட்டும் பக்கம். இன்று நீங்கள் அதைக் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு அதே முகவரியில் வேறு பாடம் இருக்கும். ஆகவே எண் உள்ள முகவரியையே புக்மார்க் செய்யுங்கள்.

மைஎஸ்க்யூஎல் மேனுவல்களும் வெர்ஷன் வாரியாகத் தனித்தனியே உள்ளன. ஆதரவு முடிந்துபோன பழைய வெர்ஷன்களின் மேனுவல்களைப் பழைய ஆவணங்களுக்கான பகுதியிலிருந்து டவுன்லோடு செய்துகொள்ளலாம். 5.5-க்கான மேனுவலை நான் அப்படித்தான் எடுத்தேன். பி.டி.எஃப். ஆக இறக்கி, அந்த டேட்டாபேஸ் உள்ள கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிடுங்கள். பின்னால் வருபவருக்கு உதவும்.

இணைய இணைப்பு இல்லையா? மைஎஸ்க்யூஎல்லுக்குள் ஹெல்ப் என்று டைப் செய்து, அதன் பின் கட்டளையின் பெயரைக் கொடுங்கள். சுருக்கமான விளக்கம் வரும். இந்த விளக்கம் சர்வரிலேயே இருக்கும் டேபிள்களிலிருந்து வருவதால், பெரும்பாலும் உங்கள் வெர்ஷனோடு ஒத்துப்போகும்.

கடைசியாக, மேனுவலில் ‘என்ன மாறியது’ என்று ஒரு பகுதி இருக்கும். இதை ரிலீஸ் நோட்ஸ் என்பார்கள். நான் முதல் நாளே அதைப் பார்த்திருந்தால், பெரியவர் வாசல் வரை திரும்பி நடந்திருக்க மாட்டார்.

பழையதைத் தூக்கிவிட்டுப் புதியது போடலாமே?

இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். எழ வேண்டியதுதான். 5.5-க்கான ஆதரவு 2018-ஆம் ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் மாமாவின் பில்லிங் புரோகிராம் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு மாற்றினால் அது நின்றுவிடலாம். மேலும், 5.5-இலிருந்து 8.0-க்கு ஒரே தாவலில் அப்கிரேடு செய்ய முடியாது. 5.6, 5.7 என்று படிப்படியாக ஏற வேண்டும். இல்லையென்றால் தகவல்களை முழுவதும் வெளியே எடுத்து, புதிய இடத்தில் ஏற்றிச் சரிபார்க்க வேண்டும்.

அதனால் நான் முதலில் செய்தது, இருக்கிற வெர்ஷனுக்கு ஏற்ற வழியைத் தேடியதுதான். 5.5-க்கான மேனுவலிலேயே அதற்கு வழி இருந்தது. டிரிக்கர் என்ற வசதியைப் பயன்படுத்தி, ஒரு வரி பதிவாகும் முன் தொகையைப் பார்த்து, தவறாக இருந்தால் சிக்னல் என்ற கட்டளை மூலம் எரர் கொடுத்து நிறுத்தலாம். சிக்னல் வந்ததே 5.5-இல்தான். அதை எழுதி முடித்த பின், இந்த முறை கடைக் கம்ப்யூட்டரிலேயே, 9000 கூலிக்கு 15000 பிடித்தம் என்று நானே டைப் செய்து பார்த்தேன். மறுத்தது. திருத்தும்போதும் மறுக்கிறதா என்று பார்த்தேன். மறுத்தது. பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் பஸ் பிடித்தேன்.

பிறகு மாமா புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது எல்லாவற்றையும் புதிய வெர்ஷனுக்கு மாற்றினோம். அப்போதும் அதே சோதனைகளை முதலிலிருந்து செய்தோம்.

நினைவில் வையுங்கள்

1. மேனுவலைத் திறக்கும் முன் டேட்டாபேஸின் பெயரையும் வெர்ஷனையும் அதனிடமே கேளுங்கள். கண்ட்ரோல் பேனலில் உள்ள பெயரை நம்ப வேண்டாம்.

2. கிளையன்ட் எண்ணையும் சர்வர் எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்வரின் எண்தான் முக்கியம்.

3. அந்த எண்ணுக்கான மேனுவலை மட்டும் திறங்கள். புத்தகக் கடையில் வாங்கும்போதும் அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

4. தமிழில் தகவல் சேமிப்பதாக இருந்தால், எந்த வெர்ஷனாக இருந்தாலும் எழுத்துத் தொகுப்பை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். தமிழில் ஒரு பெயரைப் போட்டு, திரும்ப எடுத்துப் பாருங்கள்.

5. எரர் வரவில்லை என்பதை வைத்து வேலை நடந்தது என்று முடிவு செய்யாதீர்கள். தடுக்க வேண்டியதைத் தடுக்கிறதா என்று, தவறான தகவலை வேண்டுமென்றே கொடுத்துச் சோதியுங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் ஓடப் போகிறதோ அதிலேயே சோதியுங்கள்.

6. புதிய கணக்கு சரியாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அத்தை இப்போது சனிக்கிழமைக் கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார். மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் டேட்டாபேஸின் பெயரும், வெர்ஷன் எண்ணும், மேனுவல் இருக்கும் ஃபோல்டரும் அத்தையின் கையெழுத்தில் இருக்கும். நீங்களும் இன்று உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் செலக்ட் வெர்ஷன் கொடுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரு நிமிட வேலைதான்.